தாயைக் கேட்டீர்களா?

தாயைத் தெய்வம் என்கிறார்கள். மேடை ஏறினால் தாய்க்குலத்தை வணங்காமல் பேச்சைத் தொடங்குவோர் அரியர். நம் திரைப்படங்களிலோ பல ஆண்டுக் காலம், இருமிக்கொண்டே தையல் எந்திரத்தை மிதித்து மகனைப் பட்டதாரியாக்கும் தாய் ஒருத்தி வந்தே தீரவேண்டும். இல்லையேல் கொட்டகைக்காரருக்குத் தூக்கம் வராது! ஆற்றை அன்னை என்கிறோம். நாட்டை அன்னை என்கிறோம். மொழியை அன்னை என்கிறோம். இத்தனை அன்னையரைக் கைகூப்பித் தொழும் நாட்டிலே, பிள்ளை பெற்று ஆறு வாரமான ஓர் அன்னையை அருகே அமர்த்தி, "உன் மனம் எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

கேட்பானேன், அவள்தான் தாயாகிவிட்டாளே, மகிழ்ச்சிக் கடலில் மிதப்பாளே என்பர். அந்த எண்ணத்தோடுதான் நமக்கு வழக்கு.

முதலில் பெருமைக்குரிய செய்தியைச் சொல்லிவிடுவோம். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அரிக்கேன் விளக்கின் அடியிலே, பனங்கருக்கும் துருப்பிடித்த கத்தியுமாகத் தொப்புள்கொடி அறுத்த காலம் மலையேறிற்று. 2018–20ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறப்பு என்ற அளவுக்குத் தமிழகம் வந்து சேர்ந்தது. அம்மன் அருளால் வந்ததா இது? அல்ல. ஆரம்ப சுகாதார நிலையமும், அங்கே இரவு விழித்த செவிலியரும், பெண்ணைப் படிக்கவைத்த சட்டமும் திட்டமும் கொண்டுவந்து சேர்த்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தாய்மாருக்குத் தரப்படுகிறது. நெய்யும் பேரீச்சம்பழமும் அந்தப் பெட்டகத்திலே உண்டு.

ஆகவே, "அவள் எங்கோ காட்டிலே கிடந்தாள், எங்கள் கண்ணில் படவில்லை" என்று நாம் சொல்ல முடியாது. அவள் வந்தாள். கருவுற்ற நாள் முதல் வந்துகொண்டே இருந்தாள். இரத்தம் எடுத்தோம், இரத்த அழுத்தம் பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம், எடை பார்த்தோம். பிள்ளை பிறந்த பின், சேயைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கே சென்று பார்க்கவேண்டும் என்று விதிமுறை இருக்கிறது. ஆறாம் வாரம் தடுப்பூசி, பத்தாம் வாரம் தடுப்பூசி, பதினான்காம் வாரம் தடுப்பூசி. ஒவ்வொரு முறையும் குழந்தை நிறுக்கப்படுகிறது. அட்டையிலே எண் ஏறுகிறது. குழந்தையைத் தூக்கிவந்த இரண்டு கைகள் யாருடையவை? அந்தக் கைகளுக்கு உரியவள் மூன்று வாரமாகத் தலை வாராதவளாய், குழந்தை அழுதாலும் திரும்பிப் பாராதவளாய், சுவரையே வெறித்தவளாய் அந்த வரிசையிலே நிற்கிறாள். "பால் கொடுக்கிறாயா அம்மா?" என்று ஒரு கேள்வி கேட்கப்படும். அதுவும் குழந்தைக்கான கேள்வி!

இரத்தசோகையைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம். மனச்சோர்வைத் தானாக வந்து பெயர் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். சில ஊர்களில் அக்கறையுள்ள மருத்துவரும் செவிலியரும் கேட்கத்தான் செய்கிறார்கள், அவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் எல்லா இடத்திலும், எல்லாத் தாய்க்கும், தவறாமல் கேட்கப்படுகிறது என்று மார்தட்டிச் சொல்லத் துணிபவர் உண்டோ?

என்ன நோய் இது? பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமின்றிக் கண்ணீர் பெருகுவது தாய்மாரில் பாதிப்பேருக்கு மேல் காண்பது. இரண்டு வாரத்துக்குள் தானே தணியும்; அது நோயல்ல. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, பிரசவமான சில நாள்களிலேயே சித்தம் கலங்கி, இல்லாத குரல்கள் கேட்டு, தனக்கும் சேய்க்கும் ஆபத்தாகும் கடும் நிலை வரும். அது அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். இவ்விரண்டுக்கும் இடையிலே, ஓசையின்றி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உட்கார்ந்து அரிப்பதுதான் மனச்சோர்வு. எதிலும் நாட்டமில்லை. பிள்ளை உறங்கும்போதும் தனக்கு உறக்கமில்லை. எல்லாம் தன் குற்றமே என்ற எண்ணம். நான் ஒரு தாயா என்ற கேள்வி. இருந்தென்ன பயன் என்ற முடிவு. பிரசவத்தோடு உடலின் சுரப்புகள் சரேலென வீழ்வதும் ஒரு காரணம். வறுமை, வன்முறை, தனிமை, துணையின்மை ஆகியவையும் காரணங்கள். சோம்பல் காரணமல்ல. திமிர் காரணமல்ல. பாவம் காரணமல்ல.

"இதெல்லாம் சீமைப் பெண்களுக்கு வரும் சீக்கு, நம் பெண்கள் வயலிலே பெற்றுவிட்டு மாலையில் நாற்று நட்டவர்கள்" என்று பழம்பெருமை பேசுவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர். அவர்களை வேலூருக்கு அழைக்கிறோம். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தின் கிராமத்துத் தாய்மாரை, கருவுற்ற கடைசி மாதங்களில் ஒரு முறையும், பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுமுறையும் நேரில் கண்டு ஆராய்ந்தனர். ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் நூற்றுக்கு 11 பேர்! சீமையல்ல தோழர்களே, சோளக்கொல்லை ஓரத்துப் பெண்கள். அதே 2002இல் கோவாவின் மாவட்ட மருத்துவமனைக்கு வந்த தாய்மாரிடம் நடந்த ஆய்விலே, ஆறு முதல் எட்டு வாரத்தில் நூற்றுக்கு 23 பேர். இந்தியா எங்கும் நடந்த 38 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் உலக சுகாதார அமைப்பின் ஏட்டிலே வெளியான கணக்கு, நூற்றுக்கு 22 என்கிறது. வயலிலே பெற்று மாலையில் நாற்று நட்டவளை மனம் எப்படி என்று எவன் கேட்டான்? கேளாத கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதை, நோயே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

கணியம்பாடி ஆய்வு கண்ட காரணங்களைப் படியுங்கள். குறைந்த வருமானம். மாமியாருடனும் பெற்றோருடனும் உறவுச் சிக்கல். கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயரங்கள். கைவேலைக்குத் துணையின்மை. இவற்றோடு மற்றொன்று: ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்திலே பெண் பிள்ளை பிறந்தது!

இங்கேதான் நாம் நிற்கவேண்டும். 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்றுபவன் ஆதலால் அவன் 'புத்திரன்' என்று மனு எழுதி வைத்தான். எழுதியவன் போய்விட்டான், ஏடு கரையான் அரித்துப்போனாலும் கவலையில்லை. ஆனால் அந்தச் சொல் பிரசவ அறையின் வாசலிலே இன்றும் காத்திருக்கிறது. கதவு திறக்கிறது. "என்ன குழந்தை?" "பெண்." முகங்கள் தொங்குகின்றன. "சரி, அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும்." கிழிந்த உடலோடு உள்ளே கிடப்பவள் அதைக் கேட்கிறாள். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு என்பது பள்ளிச் சிறுவனும் படிக்கும் பாடம். பழியோ தாயின் தலையில்! 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டோம். 1989இல் தமிழகத்தில் அது சட்டமாயிற்று. அறுபது ஆண்டு பிடித்தது. பெண் பிறந்தது என்பதற்காக ஒரு தாய் நோயில் விழாத நாள் வர இன்னும் எத்தனை ஆண்டு பிடிக்குமோ! அதுவரை நோய் காத்திருக்காது. ஆகையால் வேரை வெட்டும் வேலை ஒருபுறம் நடக்கட்டும். விழுந்தவளைத் தூக்கும் வேலை இன்றே நடக்கவேண்டும். "சமுதாயம் மாறினால் எல்லாம் மாறும், மாத்திரை எதற்கு?" என்று கேட்கும் தோழரிடம், பட்டினி ஒழியும்வரை காசநோய்க்கு மருந்து வேண்டாம் என்பீரா என்றுதான் கேட்போம்.

சரி, எப்படிக் கண்டறிவது? அவள், "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வரமாட்டாள். அந்தச் சொல்லே அவளிடம் இல்லை. அவள் உடம்பைத்தான் பேசவைப்பாள். கை கால் எரிச்சல், தலைக் கனம், இடுப்பு வலி, அசதி, நெஞ்சு படபடப்பு. வெள்ளைபடுகிறது என்பாள். கோவாவிலே நடந்த ஆய்வொன்று, வெள்ளைபடுதல் என்று முறையிட்ட பெண்களிடம் கிருமித் தொற்றைவிட மனத்துயரின் தொடர்பே மேலோங்கி நின்றதைக் காட்டிற்று. நம் மருத்துவ நிலையத்திலே என்ன நடக்கிறது? ஒரு டானிக், ஒரு சத்து மாத்திரை, அடுத்தவர் வரலாம்! இரத்தமும் தைராய்டும் சோதிக்க வேண்டியதுதான். அவையும் அசதி தரும். சோதித்த பின்னும் அவள் மூன்றாம் முறையாக அதே வலியைச் சொல்லிக்கொண்டு வந்தால், வலி இடுப்பிலே இல்லை என்பதை உணர என்ன பெரும் படிப்பு வேண்டும்?

கருவி வேண்டுமா? அதுவும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் லிவிங்ஸ்டன், எடின்பரோ நகரங்களின் மருத்துவ நிலையங்களில் சோதித்து, ஜான் காக்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய தோழியர் இருவரும் 1987இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல். பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, அஞ்சினாயா, உன்னை நீயே குறை கூறிக்கொண்டாயா, உறக்கம் கெட்டதா, அழுதாயா என்ற போக்கில் செல்லும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, கூடினால் 30. எந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். இது தமிழிலும் இருக்கிறது. வேலூர் மருத்துவர்கள் நம் தாய்மாரிடம் சோதித்து 2005இல் வெளியிட்டனர். ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில அளவுகோலில் 13 மதிப்பெண்ணை அபாய எல்லையாக வைத்தனர். தமிழ்த் தாய்க்கு அந்த எல்லையை 9ஆகக் குறைக்க வேண்டியிருந்தது. நம் பெண் துயரைக் குறைத்தே சொல்லப் பழக்கப்பட்டவள் என்பதுதான் இதற்கு நாம் காணும் பொருள். 'கொஞ்சம்' என்று அவள் சொன்னால் அந்தக் கொஞ்சத்தைக் கொஞ்சமாக எண்ணாதீர்கள்!

மதிப்பெண் தீர்ப்பு அல்ல. மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் நோயை முடிவு செய்யவேண்டும். ஆனால் பத்தாம் கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் கூட்டல் கணக்குத் தேவையில்லை. 'எப்போதாவது' என்ற விடை வந்தாலும் அன்றே, அந்த நேரமே, அவளைத் தனியே விடாமல் மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். பிரிட்டனில் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் துருவி ஆராய்கிறார்கள். பிரசவத்தின் ஆறு வாரத்துக்குப் பின் ஓராண்டுக்குள் நேரும் இறப்புகளில், தற்கொலை முதல் வரிசையில் நிற்பதைக் கண்டார்கள். நம் நாட்டிலோ தாய் இறப்புக் கணக்கு 42ஆம் நாளோடு மூடப்படுகிறது. மூன்றாம் மாதம் கிணற்றில் விழுந்தவள் எந்தக் கணக்கில் வருவாள்? "வயிற்றுவலி தாங்காமல்" என்று காவல் நிலையத்தில் எழுதப்படும். வயிற்றுவலி! இந்நாட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்கு அடியிலே புதைக்கப்பட்டார்கள்!

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். செவிலியர் கேட்கிறார்: "எப்படியம்மா இருக்கிறாய்?" விடை பின்னாலிருந்து வருகிறது: "அவளுக்கென்ன நர்சம்மா, ராணி மாதிரி இருக்கிறாள். மூன்று வேளையும் சாப்பாடு, நாள் முழுதும் தூக்கம்." மாமியார் பேசுகிறார், மருமகள் தரையைப் பார்க்கிறாள், கேள்வி கேட்டாயிற்று என்று குறிப்பேட்டில் ஏறுகிறது. இப்படிக் கேட்பதைவிடக் கேளாதிருப்பதே மேல்! அந்த மாமியாரும் ஒரு காலத்தில் யாரும் கேளாமல் விட்ட தாய்தான் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் பத்து நிமிடம் அவர் வெளியே இருக்கட்டும். கதவு சாத்திய ஓர் அறை வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குக் கேள்வியை மெல்லப் படித்துக் காட்டும் பொறுமை வேண்டும். அவள் சொன்னது ஊருக்குள் போகாது என்ற உறுதி வேண்டும்.

கேளாதபோது என்ன நடக்கிறது? காற்று கருப்பு என்பர். பச்சை உடம்புக்காரி உச்சி வேளையில் புளியமரத்தடி போனாள் என்பர். உடுக்கை ஒலிக்கும், வேப்பிலை முதுகில் விழும். பேய்க்கு விழும் அடி என்பர். வீங்குவது அவள் முதுகு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினர். எந்த மதத்துக் கடவுளும் சங்கிலியை அவிழ்க்க வரவில்லை. ஆனால் பூசாரியை மட்டும் சாடிவிட்டு மருத்துவரை விட்டுவிடுவது நேர்மையாகாது. "தாயானால் எல்லாம் சரியாகிவிடும்," "குழந்தை முகத்தைப் பார், கவலை பறந்துவிடும்" என்று கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு சொல்பவர் சொல்வதும் மந்திரம்தான். அவரிடம் உடுக்கை இல்லை, அவ்வளவே வேறுபாடு. கோவா ஆய்வில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்ட தாய்மாரில் நூற்றுக்கு 78 பேர், கருவுற்ற காலத்திலேயே மன நலிவோடு இருந்தவர்கள். குழந்தை முகம் அவர்களைக் காப்பாற்றவில்லையே!

ஒரு மறுப்பை மட்டும் நாம் மதிப்போடு கேட்கிறோம். அது கிராம சுகாதார செவிலியரின் மறுப்பு. "தடுப்பூசி நாங்கள், கணக்கு நாங்கள், குடும்பக் கட்டுப்பாடு நாங்கள், கணினியில் ஏற்றுவதும் நாங்கள். இதுவும் நாங்களா?" நியாயம்! மேசையிலிருந்து உத்தரவு போடுவோர், புதிய பதிவேட்டை மட்டும் அனுப்பிவிட்டு ஆளை அனுப்பாதிருப்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவளுக்கு நேரமும் பயிற்சியும் கொடுக்காமல் கேள்வியை மட்டும் கொடுப்பது மோசடி. கண்டறிந்தபின் அனுப்பிவைக்க இடமில்லாமல் கண்டறிவதும் அப்படியே. உலக சுகாதார அமைப்பு 2022இல் தந்த பரிந்துரையும், சிகிச்சை ஏற்பாட்டோடு சேர்த்தே இந்தச் சோதனையைச் சொல்கிறது.

ஆனால் முடியாத காரியமல்ல. பாகிஸ்தானத்து இராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களிலே, நம் செவிலியரைவிடக் குறைந்த படிப்புள்ள பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு கிராமங்களில் பயிற்சியற்ற ஊழியர்கள் அதே எண்ணிக்கையில் வீடு சென்றார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர் சென்ற இடத்தில் நூற்றுக்கு 23 தாய்மாரும், மற்ற இடத்தில் 53 தாய்மாரும் மனச்சோர்விலே இருந்தனர். 2008இல் வெளியான முடிவு இது. அதே நடை, அதே கதவு, அதே திண்ணை; என்ன பேசுவது என்று தெரிந்ததுதான் வேறுபாடு. அண்டையிலுள்ள கேரளத்தில் 'அம்மா மனசு' என்ற பெயரிலேயே திட்டம் வகுத்துச் செவிலியருக்குப் பயிற்சி தந்தார்கள். வீடு தேடிச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் திட்டத்தை 2021இல் தொடங்கிய தமிழகத்துக்கு, அந்த வீட்டுத் திண்ணையில் இன்னும் பத்துக் கேள்வி கேட்பது மலையைப் பெயர்க்கும் வேலையா?

மருந்து தந்தால் பால் நஞ்சாகிவிடும் என்று அஞ்சுவோர் பலர். லேசான சோர்வுக்குப் பேச்சும் துணையும் ஓய்வுமே பெரும்பாலும் போதும். கடுமையானால் மருந்து வேண்டும். செர்ட்ராலின் போன்ற மருந்து தாய்ப்பாலில் கலக்கும் அளவு மிகச் சிறிது. மருத்துவர் மேற்பார்வையில் பாலூட்டிக்கொண்டே உட்கொள்ளலாம். மனநோய் என்றதும் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் துரத்தும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி: 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்கிறது. தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறத் தனிப்பிரிவு பெங்களூர் நிமான்ஸில் 2009 முதல் இருக்கிறது. தாயின் சோர்வு நீடித்தால் சேயின் எடை குறைகிறது என்று கோவாவும் இராவல்பிண்டியும் காட்டின. குழந்தையை மட்டும் நிறுத்துப் பார்த்து, ஏன் எடை ஏறவில்லை என்று விழிப்போருக்கு விடை, அதைத் தூக்கி நிற்பவள் முகத்திலே இருக்கிறது.

இனி நம் தோழர்களிடம் ஒரு சொல். புரோகிதரை விலக்கி, 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர் நீங்கள். நல்லது! பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது எழுபவர் யார்? தலைவர் கூட்டத்திலே பெண்ணுரிமை பேசிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பி, "சோறு எங்கே?" என்று கேட்பவரை நாம் அறிவோம். கைவேலைக்குத் துணையின்மை நோய்க்குக் காரணம் என்று கணியம்பாடி சொன்னதே, அந்தத் துணை யார்? செவிலியர் வருமுன் கேட்கவேண்டியவர் நீங்கள். மூன்று வாரமாக அவள் சிரிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திராவிட்டால், பெரியாரின் நூல்கள் அலமாரியிலே இருந்து என்ன செய்கின்றன?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. சாலையும் தெருவிளக்கும் பேசி முடித்தபின் எழுந்து நின்று கேளுங்கள்: நம் சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்க்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் மனநலக் கேள்வி கேட்கப்படுகிறதா? தமிழ் அளவுகோலின் படிகள் இருக்கின்றனவா? தனியே பேச அறை உண்டா? மதிப்பெண் கூடினால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை, எங்கே கிடைப்பார்? செவிலியர் பணியிடம் காலியாக இருக்கிறதா, எத்தனை மாதமாக? விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். அடுத்த சபையில் அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மனநலத் தொலைபேசி எண் 14416ஐத் தடுப்பூசி போடும் அறையின் சுவரிலே பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். சுண்ணாம்பும் தூரிகையும் நம்மிடம் உண்டு. தேர்தலுக்கு எழுதிய கைகள்தாமே!